காலியாக விடச் சொன்ன இடம்

இரணியலில் ஜெனித் கல்லறைக் கற்களில் பெயர் வெட்டிக் கொடுக்கிறான். எழுத்து வெட்டும் சி.என்.சி. எந்திரத்தில் குறையில்லை. அதை ஓட்டும் கம்ப்யூட்டர்தான் பாதியில் நின்று இரண்டு கற்களைக் கெடுத்துவிட்டது. கடையில் மிஞ்சியது ஒரே கல். அது போன மாதம் இறந்த ஜெபதாசுக்கு. மறுநாள் காலை கல்லறையில் ஜெபம்.

"எனக்க பேரையும் சேத்து வெட்டிரு மக்கா" என்று அவர் மனைவி நேசபாய் சொல்லியிருந்தாள். "செத்த தேதி போடாண்டாம். இடம் விட்டா போரும்."

கணவன் மனைவி கல்லில் அதுதான் வழக்கம்.

கோட்டாறில் பழைய கம்ப்யூட்டர் விற்பவரிடம், நடுவில் நிற்காத ஒன்றைக் கேட்டான் ஜெனித்.

"இத கொண்டு போ டே. இண்டர்நெட்டு மட்டும் குடுத்திராத. அது பாட்டுக்கு அப்டேட்டுக்குப் போயிரும்."

கடையில் மாட்டியதும் அது மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. நேசபாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜெனித் கல்லைத் துடைத்தான். நேசபாயின் பெயருக்குக் கீழே, இறந்த தேதி இருக்கவேண்டிய இடத்தில், 11.5.2024 என்று வெட்டியிருந்தது. போன வருடத்துத் தேதி. கம்ப்யூட்டரில் பார்த்தான். அந்த இடம் காலியாகவே இருந்தது.

"மாமி, தப்பாயிட்டு."

நேசபாய் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து படித்தாள்.

"ஒரு நாள்தான் தப்பு மக்கா. பன்னெண்டாக்கும். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு ரெண்டாம் மணி அடிச்சது எனக்குக் கேட்டுது."