பொந்து அடைத்த நாள்

மார்கழிப் பனி இறங்கினால் காட்டு எலியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். போன வாரம் பாவாயியின் கால் சுண்டுவிரலைக் கடித்துக் குதறிவிட்டது. சர்க்கரை வியாதியில் மரத்துப்போன கால். பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இன்னொரு கடி பட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவள் புருஷன் அங்கமுத்து எலி மருந்து விற்கிறவனை நம்பவில்லை. பொறி இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரனைச் சுத்தமாக நம்பவில்லை.

"அவன் ஊட்டுல புடிச்ச எலிய நம்ம வாசல்ல தொறந்து உடறதே அவந்தான்."

கண்ணாடிச் சில்லைப் பொடித்து சிமெண்டில் குழைத்து, விடிந்ததிலிருந்து வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு பொந்து விடாமல் அடைத்தார். பொழுது சாயக் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார்.

"இனி ஒண்ணு உள்ள வந்துருமா, பாக்கறேன்."

பாவாயி மேலே பார்த்தபடி கிடந்தாள்.

"ஏனுங்க, பகல்ல எலியெல்லாம் எங்கீங்க தூங்கும்?"

"இதென்ன கேள்வி? அட்டாலி மேல, மூட்டைக்கு நடுவுல..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

தலைக்கு மேல் பரணில் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு சுவரோரம், பிறகு கட்டிலுக்கு அடியில். சிமெண்டை இடித்தால் காட்டில் மிச்சமிருப்பதும் உள்ளே வரும். அங்கமுத்து அவளுடைய இரண்டு கால்களையும் தூக்கி மடியில் வைத்து, கைகளால் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாவாயி கேட்டாள்.

"புடிச்சிருக்கறீங்களா?"