பச்சை எரிந்தால் மட்டும்

ஓய்வு பெற்ற ஹவில்தார் தனகோட்டி, மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் ஆள் கண்ணில் படாத எந்தக் குரலுக்கும் பதில் சொல்வார். எல்லையிலிருந்து திரும்பிய நாள் முதல், செத்துப்போன சிப்பாய்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நிஜமாக ஒருவர் பேசினால் பட்டையில் பச்சை எரியும். ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டு, பச்சையும் எரியாவிட்டால், இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அதைப் பழக இரண்டு வருடம் பிடித்தது. இப்போது அவர் தனியாகவே ரேஷன் கடைக்குப் போய் வருகிறார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நர்ஸ் பிரமிளா வழக்கம்போல் பார்க்க வந்தபோது, முகம் மழித்து, கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"இந்த வாரம் குரல் ஏதாவது கேட்டுச்சா சார்?"

"இன்னிக்குத்தான் சிஸ்டர். எங்க வீட்டம்மா கிரிஜா குரல்லயே வந்துச்சி. 'வழுக்கி விழுந்துட்டேங்க, எழுந்திருக்க முடியல, வாங்க'ன்னு. பட்டையைப் பார்த்தேன், எரியல. நான் அசையவே இல்ல."

பதக்கம் வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் இத்தனை பெருமை இருந்திருக்காது.

பிரமிளா அவர் கையைப் பிடித்துப் பட்டையை அழுத்திப் பார்த்தாள். நேற்று இரவெல்லாம் ஊரில் கரண்ட் இல்லை. பட்டையில் துளி சார்ஜ் இல்லை.

"அம்மா எங்க சார்?"

"மத்தியானம் குளிக்கப் போனா. இன்னும் காணோம்."

அவள் பின்பக்கம் ஓடினாள். தனகோட்டி உட்கார்ந்தபடியே அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். மூணு மணி வாக்குல அதுவா நின்னுடுச்சி."