குளிக்கிற நேரத்து டீ

தாராவியின் ஒற்றை அறை வீடுகளில், பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாரோ குளிக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சாக்கில்தான் விஜயராணி தினமும் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் கால் நீட்டி, டீயில் ரஸ்க்கை முக்கித் தின்கிறாள். இன்று பக்கத்து வீட்டு ஓவியக்காரி பரீஹா எதிரே அமர்ந்து, தன் கண்காட்சிக்காக அதை வரைகிறாள். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் டம்ளர் விளிம்பில் மினுங்குகிறது. "ஏளா, இன்னுமா குளிக்க?" என்று வெளியிலிருந்து மாமியார் கதவைத் தட்டுகிறாள். விஜயராணி எட்டிக் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு, குளிக்கும் மூலையில் சளாரென்று கொட்டிவிட்டு, "இந்தா, முடிச்சிட்டேன் அத்தே!" என்று குரல் கொடுக்கிறாள். பரீஹாவின் தூரிகை சிரிப்பில் நடுங்குகிறது. "கண்காட்சியில இந்தப் படத்த உங்க மாமியார் பாத்துட்டா என்னக்கா செய்வீங்க?" என்று கிசுகிசுக்கிறாள். விஜயராணி பழையபடி காலை நீட்டி, அடுத்த ரஸ்க்கை எடுத்துக்கொண்டே, "தலைமுடிய மட்டும் ஈரமா வரைஞ்சிரு தாயி" என்கிறாள்.