விமானத்துக்கு ஒரு மெக்கானிக்

"மெக்கானிக்கு வந்துட்டாரு, வழிய விடுங்கலே!"

சைக்கிளை நிறுத்தும் முன்பே பலவேசம் கத்தினார். கேரியரில் உட்கார்ந்து வந்த முகம்மது கனி கீழே குதித்தார். குதித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

1937, ஆனி மாதம். வறண்டு கிடந்த குத்துக்கல்வலசைக் குளத்தின் நடுவில், மேலொன்றும் கீழொன்றுமாக இறக்கை விரித்து ஒரு விமானம் நின்றது. சுற்றிலும் முந்நூறு பேர் இருப்பார்கள்.

"என்னவே இது? ஏதோ ரிப்பேர்னுதான சொன்னீரு? நான் கடியாரம் பாக்குதவன்லா!" என்றார் கனி, பலவேசத்தின் காதோரம்.

"பஸ் மெக்கானிக்கு ஆலங்குளம் போயிட்டாரு பாய். தென்காசியில மிச்சம் இருக்க ரிப்பேர்காரரு நீருதான். கடியாரத்துக்குள்ளயும் சக்கரம், இதுக்குள்ளயும் சக்கரம். பேசாம வாரும்."

அதற்குள் தோல் தொப்பி போட்ட ஓர் இளைஞர் ஓடிவந்து கனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை வந்தீங்க! திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில நாலு குழந்தைங்க தொண்டை அடைப்பான் வந்து கிடக்குது. மருந்து இந்த ஐஸ் பெட்டியில இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டாகணும். அடுத்த ரயில் ராத்திரிதானாம். ஏரோப்ளேன் இஞ்சின் உங்களுக்குப் பழக்கம்தானே?"

"நான் வந்து..."

"பாய் கை வச்சு ஓடாதது எதுவும் கிடையாது சார்!" என்று பலவேசம் முந்திக்கொண்டார்.

பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கனி அதைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"என்ன செஞ்சுது சார்?"

"இருமல்காரன் மாதிரி இருமிச்சு. வேகத்தைக் கூட்டினா செத்துப்போகுது. குறைச்சா உயிர் வருது."

இஞ்சின் மூடியைத் திறந்தால், நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. கனி அந்த மாதிரி எதையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால், நின்றுபோன கடிகாரத்தில் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: ஓட்டம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது? இங்கேயும் அதையே பார்த்தார். மேல் இறக்கையில் பெட்ரோல் தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் கொட்டியது. அடுத்து, இஞ்சினை ஒட்டி ஒரு கிண்ணம். அதுவும் நிறைந்திருந்தது. அதற்கும் அப்பால், துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் திருகு.

கனி அதைக் கழற்றி, கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடிக் குப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணில் பொருத்தினார்.

"ஏலே, கண்ணுல குப்பிய மாட்டிப் பாக்காருலே!" என்றது கூட்டம்.

"சார், பெட்ரோலை எதுல வடிகட்டி ஊத்துனாங்க?"

"மதுரையில ஊத்தினாங்க. மெல்லிசா ஒரு தோல்ல."

"அந்தத் தோல் நார்தான் ஓட்டைய அடச்சிக்கிட்டு நிக்கி. ஊசிய விட்டா ஓட்டை பெரிசாயிரும். வே பலவேசம், அந்தக் கரையில மேயுத மாட்டு வால்ல ஒரு முடி பிடுங்கிட்டு வாரும்!"

நாலு பேர் மாட்டை நோக்கி ஓடினார்கள். முடி வந்தது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை முடியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது, கண்ணுக்கே தெரியாத ஒரு நார்.

திருகையும் குழாயையும் மாட்டி முடிப்பதற்குள் குற்றாலம் மலையில் மஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. தோல் தொப்பிக்காரர் தாவி ஏறினார். ஒரு சின்ன நோட்டைப் பிரித்து, உதடு அசைய எதையோ படித்தார். 'எவ்வளவு கருத்தான மனுஷன்!' என்று கனி நினைத்துக்கொண்டார்.

"பாய், விசிறியைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுங்க! இழுத்ததும் பின்னால குதிச்சிடுங்க!"

கனியின் முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் குப்பென்று புகை. அடுத்த நொடி இஞ்சின் உறுமியது. குளமே கத்தியது. துண்டுகள் பறந்தன. கனியின் தொப்பி பறந்தது. அவரும் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க பாய்!"

"நானா?"

"வழியில நின்னுட்டா காட்டுக்குள்ள யாரைத் தேடறது?"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இவர் நம்பிக்கையோடு கிளம்புவாரா? சொல்லாமல், ஒரு கடிகாரக்காரன் கைபட்ட இஞ்சினோடு தனியாக அனுப்பிவைப்பது நியாயமா? கனி முன் இருக்கையில் ஏறிவிட்டார்.

"வே, வீட்டுல ஜாஹிரா பீவிட்ட சொல்லிரும்! வேண்டாம், வேண்டாம், நானே வந்து சொல்லிக்கிடுதேன்!"

விமானம் குதித்துக் குதித்து ஓடியது. குளத்தங்கரை நெருங்கியபோது தரை விட்டுப்போனது. குற்றாலத்து அருவி வெள்ளை நூலாகத் தெரிந்தது. ஆரியங்காவுக் கணவாயில் மேகம் மூடியது. விமானம் இப்படியும் அப்படியும் ஆடியது. கனி ஓதிக்கொண்டே இஞ்சினுக்குக் காதைக் கொடுத்திருந்தார். ஒரு இருமல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்து ஓட்டுபவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்பதுதான் அவருக்கு ஒரே தைரியம்.

முக்கால் மணி நேரத்தில் திருவனந்தபுரம். விமானம் தவளை மாதிரி மூன்று முறை எம்பிக் குதித்து நின்றது. விமானம் என்றால் அப்படித்தான் இறங்கும்போலிருக்கிறது என்று கனி நினைத்தார். காத்திருந்த கார் பெட்டியை வாங்கிக்கொண்டு பறந்தது.

கனி இறங்கித் தோல் தொப்பிக்காரரின் முன்னால் போய் நின்றார்.

"சார், மன்னிச்சிருங்க. ஒரு விஷயத்த மறச்சிட்டேன். நான் மெக்கானிக்கே இல்ல. தென்காசி பஜார்ல கடியாரம் ரிப்பேர் பாக்குதவன்."

 தோல் தொப்பிக்காரர் மண்ணிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார்.

"பைலட்டு காய்ச்சல் வந்து மதுரையிலேயே படுத்துட்டார் பாய். நான் மருந்தோட வந்த டாக்டர். எட்டு நாள் பாடம் படிச்சிருக்கேன், தனியா ஓட்டினது இன்னைக்குத்தான்!"