ஒரு கயிறு வெயில்

படார்... படார்...

மொட்டை மாடியில் யாரோ ஈரத்துணியை உதறுகிறார்கள். வாளியோடு படியேறிக்கொண்டிருந்தவன் நடையை எட்டிப் போட்டான்.

போச்சு. கயிறு இந்நேரம் நிரம்பியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் இரவு வார்டு உதவியாளன் அவன். இருப்பது ஒரே சீருடை. நேற்று மேற்பார்வையாளர் தோள்பட்டையை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

“நாளைக்கும் இந்த ஈர வாடையோட வந்தா வார்டுக்குள்ள விடமாட்டேன். அப்படியே வீட்டைப் பார்த்துப் போயிடு. இந்த வேலைக்கு வேற ஆள் காத்திருக்கு.”

விடாத மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருக்கிறது. கட்டடத்துக்கே கயிறு ஒன்றுதான். இன்னொன்று காற்றில் அறுந்தது. வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

ஆனாலும் மழைக்கு முன்பெல்லாம் அவனுக்கு ஒரு ராசி இருந்தது. அவன் ஏறும்போது படியில் எதிரே யாராவது மடித்த துணியோடு இறங்குவார்கள். மேலே போனால் சரியாக ஓர் இடம் காலியாக இருக்கும்.

இன்று பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. படியில் எதிரே யாரும் வரவில்லை.

மேலே டீச்சரும் டிரைவரும் நின்றிருந்தார்கள். கயிற்றில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை.

“ஒரு சட்டை, ஒரு பேன்ட்தான் சார். கொஞ்சம் ஒதுக்க முடியுமா?”

“அந்தக் கோடியில விரிச்சிருக்கிறவங்களைக் கேளு” என்று தாடையால் காட்டினார் டிரைவர். “மூணாவது மாடி போர்வை அக்கா. விடியறதுக்குள்ள வந்து நீட்டி விரிச்சுடுறாங்க.”

நீலப் போர்வை. அவன் போய்த் தொட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை. மடிப்புக்கோடு கலையவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே போட்டது.

“இது காஞ்ச துணிங்க” என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

“பார்த்தீங்களா டீச்சர், தானும் படுக்கமாட்டாங்க, தள்ளியும் படுக்கமாட்டாங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன், தலைக்கு ஒரு முழம்னு அளந்து பிரிச்சுடலாம்.” டீச்சருக்குப் பிள்ளைகள் ஐந்து.

“எதுக்குத் தலையை எண்ணணும்? வீட்டுக்கு ஒரு பங்குன்னு வைங்க.” டிரைவர் ஒண்டிக்கட்டை.

“அப்போ என் பிள்ளைங்க துணியை என் தலையில போட்டுக் காயவைக்கவா?”

“சரி விடுங்க. முந்தி வந்தவங்களுக்குக் கயிறு. இப்ப நடக்கிறதே நல்லாத்தான் இருக்கு.”

“கோழிக்கு முன்னாடி எழுந்திருக்கிறவர், சொல்ல மாட்டீங்களா?”

யார் சொன்ன நியாயத்தை எடுத்தாலும் சொன்னவர் துணி மட்டும் காய்ந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று முடிவானது. காய்ந்த துணியைப் போட்டு இடம் பிடிப்பவர்களுக்கு இனிமேல் கயிறே கிடையாது.

அவன்தான் முதலில் தலையாட்டினான்.

படியில் செருப்புச் சத்தம். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி மூச்சு வாங்க ஏறி வந்தார் போர்வை அக்கா.

“என்னக்கா, போர்வைக்கே குளிருதா? வெயில் காய விட்டிருக்கீங்க” என்றார் டிரைவர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தார்.

“இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டியா தம்பி? அடுப்புல பால் பொங்கிடுச்சு. துடைச்சுட்டு வர்றதுக்குள்ள நீ முந்திக்கிட்டே.” போர்வையை உருவினார். “ம், போடு.”

படியில் தினமும் எதிரே இறங்கிய மடித்த துணியின் நிறம் அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையாட்டிய கழுத்து கூசியது.

அக்கா டிரைவர் பக்கம் திரும்பினார்.

“ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிறவன் விடியக்காலையில வந்து கயிறு பிடிக்க முடியுமா? யாராவது பிடிச்சு வெச்சாத்தானே உண்டு.”

டீச்சர் கைப்பிடிச் சுவரில் ஏதோ தேடினார்.

“அப்போ உங்க வீட்டு ஈரத்துணியெல்லாம் எங்கக்கா காயுது?” என்றான் அவன்.

“நாற்காலி முதுகுல, ஃபேனுக்குக் கீழே. காயறப்போ காயட்டும். என்னை யாரு முகர்ந்து பார்க்கப் போறா?”

போர்வையைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டிரைவர் தன் பேன்ட்டை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, இரண்டு கிளிப்பை நீட்டினார். வெயில் நன்றாகவே ஏறியிருந்தது. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

அவன் வாளியிலிருந்து சட்டையை எடுத்து உதறினான்.

படார்.