அட்டைப்படத்துக்கு ஒரு கையெழுத்து

புத்தம் புது ஜீன்ஸின் முழங்காலைக் கத்தரிக்கோலால் கிழித்துக்கொண்டிருந்தாள் எதிர்வீட்டுக்காரி. அவள் இரவல் கேட்டிருந்த நிலைவிளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியைக்கு, வந்த வேலையே மறந்துபோயிற்று. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும், தப்பு நடக்கிற இடத்தில் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“நாளைக்கு ஷூட்டிங் டீச்சர். காலேஜ் பசங்களே சேர்ந்து போடுற பாட்டுப் பத்திரிகை, முதல் இதழ். அட்டையில எம் பையன் கிடாரோட நிக்கணும். முழுசா இருக்கிற ஜீன்ஸ்ல நின்னா ராக் பாடகன்னு யார் நம்புவாங்க?”

இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதமே ஆன தலைமையாசிரியை, விளக்கை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஒன்பது படங்களுக்கான திட்டம் அங்கே ஒட்டியிருந்தது. எத்தனை மணிக்கு மாடிப்படியில் வெயில் விழும், எந்தச் சுவர் பின்னணி, எந்தப் படத்துக்கு எந்தச் சட்டை, எல்லாமே பச்சை மையில். அம்மாக்காரியின் விரலிலும் அதே பச்சை மை.

நாற்காலியில் கிடந்த அவளுடைய கைப்பையிலிருந்து கல்லூரி அடையாள அட்டையின் நாடா எட்டிப் பார்த்தது. அட்டையைக்கூட இவள்தான் சுமக்க வேண்டுமா என்று தலைமையாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெற்றோர் செய்து கொடுத்தனுப்பிய ப்ராஜெக்ட் எரிமலைகளுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் முட்டை மார்க் போட்டே பேர் வாங்கியவர் அவர். பிள்ளைக்கு ஊட்டிவிடலாம், மென்றுமா கொடுப்பது என்று ஆரம்பித்தார். இடம் கொடுத்தால் தலைமேல் ஏறி உட்காருவான் என்றார். “இல்ல டீச்சர், அது வந்து...” என்று அவள் இரண்டு முறை வாயெடுத்தாள். தலைமையாசிரியை பேசும்போது குறுக்கே பேசி யாருக்குப் பழக்கம்?

அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் நிறுத்தினார். மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது.

“அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க டீச்சர். அஞ்சு மணிக்குள்ள படிவம் போகலைன்னா காலேஜ் கேமரா கிடைக்காது. கேமரா இல்லைன்னா அட்டையே இல்ல. ஒரு மாசமாப் பட்ட பாடு மொத்தமும் வீணாப் போயிடும்.”

மணி நாலரை ஆகியிருந்தபோது பையன் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக ஜீன்ஸைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். இதை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றால் நாய் துரத்தும், ஆளை விடு என்றான். அம்மாவின் முகம் தொங்கிப்போனதும், அதை வாங்கி இடுப்பில் வைத்து அளவு பார்த்தான். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன் என்று முனகினான்.

அவள் அவசரமாகப் படிவத்தை எடுத்தாள். காலேஜ் கேமரா அறையில் விதி என்றால் விதிதான். யாராக இருந்தாலும் கார்டியன் கையெழுத்து இல்லாமல் லென்ஸ் மூடிகூட வெளியே வராது.

பையன் படிவத்தை வாங்கினான். ‘கார்டியன்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் சரசரவென்று கையெழுத்துப் போட்டான்.

தலைமையாசிரியை அவன் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ கள்ளக் கையெழுத்துகளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பெற்றவளின் கண்ணெதிரிலேயே போட்டவனை இப்போதுதான் பார்க்கிறார்.

“அம்மா பக்கத்துலயே நிக்கிறப்ப, கார்டியன் கையெழுத்தை நீயே போட்டுக்குவியா?”

பையன் மை காயாத தாளை இன்னொரு கையால் அம்மாவிடம் நீட்டி, ஓடு ஓடு என்று வாசலைக் காட்டினான். அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள். அதற்குப் பிறகுதான் அவன் தலைமையாசிரியை பக்கம் திரும்பினான்.

“காலேஜுல படிக்கிறது அம்மா, டீச்சர். நான்தான் கார்டியன்.”