ரெண்டு கால் சித்தூர்

திருப்பதியில் ஒரு நர்சிங் மாணவியர் விடுதியின் முற்றம். குளியலறைக்குத் தாழ்ப்பாள் கேட்டுச் சண்டை போட்டதற்காக, சித்தூர்ப் பெண் தபிதா உச்சி வெயிலில் நிற்கிறாள். மன்னிப்புக் கேட்டால் உள்ளே போகலாம். கேட்க மாட்டேன் என்கிறாள். மற்ற பெண்கள் வராந்தா நிழலில் ஒண்டிக்கொண்டு பார்க்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வார்டன் கத்துகிறார்: “ரிகால்சிட்ரன்ட் கேர்ள்!” அடங்காதவள் என்பதற்கு அவ்வளவு பெரிய இங்கிலீஷ். “இன்னாடி சொல்றாங்க?” என்று நிழலிலிருந்து ரூபா கேட்கிறாள். “ரெண்டுகால் சித்தூர்ன்றாங்கடி,” என்கிறாள் தபிதா உரக்க. “கரெக்டுதான். ரெண்டு காலு இருக்குது, ஊரு சித்தூரு. தாப்பா போடுற வரைக்கும் நின்னுக்கினே இருப்பேன்.” வராந்தா முழுக்கச் சிரிப்பு வெடிக்கிறது. வார்டன் அதட்டியும் அடங்கவில்லை. ரூபா வெயிலில் இறங்கி, தபிதாவின் தோளோடு தோளாக நிற்கிறாள். “நான் புத்தூரு மேடம். எனக்கும் ரெண்டு காலுதான்.” அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் படியிறங்குகிறார்கள்.